கதவில் நெளியும் டியூப் லைட்: புது வண்டி பெயிண்டின் ஆரஞ்சுத் தோலை என்ன செய்வது?

கேள்வி இதுதான். டெலிவரி எடுத்து இரண்டு வாரமே ஆன கருப்பு கார். பானெட் ஓரளவு கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் கதவுகளில் டியூப் லைட்டின் பிம்பம் நெளிந்து, ஓரம் பிசிறடித்து, ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலத் தெரிகிறது. இது பெயிண்ட் குறையா? பாலிஷ் போட்டால் போகுமா? 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்களே, செய்யலாமா?

பெரும்பாலும் குறை இல்லை. ஃபேக்டரி பெயிண்ட் வரும் விதமே அப்படித்தான். பாலிஷ் மட்டும் போட்டால் போகாது. வாட்டர் பேப்பர் போட்டால் போகும், ஆனால் தேய்த்து எடுத்த பெயிண்ட் திரும்ப வராது. அதனால் தேய்க்க உட்காரும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முழுக்கப் போக்க வேண்டுமா, குறைத்தால் போதுமா? புது வண்டிக்குக் குறைத்தால் போதும் என்பது என் கருத்து. காரணம் பெயிண்டின் தடிமனில் இருக்கிறது. அதற்கு முன், இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் எதைத் தேய்க்கிறோம் என்பதும் புரியும்.

நெளிவு எங்கிருந்து வருகிறது

மேல்பரப்பில் உள்ள சின்னச் சின்ன மேடு பள்ளம்தான் ஆரஞ்சுத் தோல். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் சில மைக்ரான் மட்டுமே (ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான்). விரலால் தடவினால் அநேகமாகத் தெரியாது. ஆனால் பளபளப்பான பரப்பில் ஒவ்வொரு மேடும் ஒரு குட்டிக் குவியாடி, ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டிக் குழியாடி. நேர்கோடாக வர வேண்டிய விளக்கின் பிம்பம் ஆயிரம் ஆடிகளில் சிதறித்தான் நெளிகிறது.

இந்த அலைகளில் இரண்டு வகை உண்டு. பெயிண்ட் பரப்பை அளக்கும் கருவிகள் சுமார் 1.2 முதல் 12 மி.மீ. வரை அகலமுள்ளதை நீள அலை என்றும், 0.3 முதல் 1.2 மி.மீ. வரை உள்ளதைக் குறு அலை என்றும் பிரிக்கின்றன. நீள அலை மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே தெரியும். ஆரஞ்சுத் தோல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். குறு அலை தெரிய அரை மீட்டருக்குள் போக வேண்டும். அது பிம்பத்தை நெளிக்காது, ஓரத்தை மங்கலாக்கும். உங்கள் வண்டியில் எது அதிகம் என்று பார்க்க, அச்சடித்த தாள் ஒன்றைக் கதவுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பிம்பத்தில் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக இருந்து வரி மட்டும் வளைந்தால் நீள அலை. வரி நேராக இருந்து எழுத்தின் ஓரம் மட்டும் கலங்கினால் குறு அலை. பின்னால் வரும் வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

தொழிற்சாலையில் கிளியர் கோட் எனும் பூச்சை, அதாவது நிறத்துக்கு மேலே வரும் நிறமற்ற கடைசி அடுக்கை, ரோபோ அடிக்கிறது. நிமிடத்துக்கு 30,000 முதல் 60,000 சுற்று வரை சுழலும் மணி வடிவக் கோப்பை பெயிண்ட்டைத் துளிகளாகச் சிதற விடுகிறது. மின்னேற்றம் பெற்ற துளிகள் பாடியில் போய் ஒட்டுகின்றன. விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் படிய வேண்டும். படிய வைப்பது பெயிண்டின் பரப்பு இழுவிசை, தடுப்பது அதன் கெட்டித்தன்மை. இங்கே இரண்டு கணக்கு முக்கியம். ஈரப் படலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் சமமாகும் வேகம் எட்டு மடங்காகும். அலையின் அகலம் இரண்டு மடங்கானால் அதே வேகம் பதினாறில் ஒரு பங்காகச் சரியும். அதனால்தான் குறு அலைகள் அடித்த கொஞ்ச நேரத்தில் தாமாக மறைகின்றன. நீள அலைகள் பெயிண்ட்டைச் சுடும் அடுப்புக்குள் போகும்வரை அப்படியே நின்று, சுமார் 140 டிகிரி சூட்டில் இறுகிவிடுகின்றன.

பானெட், ரூஃப் போன்ற கிடைப் பகுதிகளில் பெயிண்ட் தாராளமாக நின்று சமமாகலாம். கதவு செங்குத்து. அங்கே தடிமன் ஏறினால் பெயிண்ட் வழியும், ஓடாமல் நிற்க வேண்டுமானால் சமமாக ஓடவும் முடியாது. ஆக, பானெட் நன்றாக இருக்கிறது, கதவு மட்டும் இப்படி என்பது உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல. பம்பர் இன்னொரு கதை. பிளாஸ்டிக் 140 டிகிரி தாங்காது என்பதால் அதைப் பெரும்பாலும் தனி இடத்தில், வேறு வகை கிளியரால், குறைந்த சூட்டில் அடிப்பார்கள். பம்பரின் பரப்பு பக்கத்து ஃபெண்டரோடு சரியாக ஒத்துப்போவது அதிர்ஷ்டம்.

கரடு கீழ் அடுக்குகளிலிருந்தும் மேலே எட்டிப் பார்க்கும். தகடு, அதன் மேல் மின்முறையில் படிய வைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், பேஸ் கோட் ஆகியவற்றின் சொரசொரப்பை கிளியர் முழுதாக மூடிவிடாது. அந்த இடத்தில் மேலே தட்டையாகத் தேய்த்தால், கீழே உள்ள மேட்டுக்கு மேல் கிளியர் மெலிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்கும் தெரியாது.

மைக்ரான் கணக்கு

சாதாரண புது வண்டியில் தகட்டுக்கு மேலே உள்ள மொத்தப் பெயிண்ட் ஏறக்குறைய 90 முதல் 150 மைக்ரான். ஒரு எழுதும் தாளின் தடிமன். அதில் துருத்தடுப்புப் பூச்சு 20 சொச்சம், பிரைமர் 25 முதல் 40, நிறம் தரும் பேஸ் கோட் 10 முதல் 20, கிளியர் கோட் 35 முதல் 50. பிரைமரைத் தனியாகச் சுடாமல் விடும் புதிய முறைகளில் மொத்தம் இன்னும் குறையும். நமக்குச் சொந்தமாகத் தேய்க்கக் கிடைப்பது அந்த 35, 40 மைக்ரான் கிளியர் மட்டும். ஒரு தலைமுடியின் பருமன் அதைவிட அதிகம்.

அந்த 40-ஐயும் முழுக்கச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானங்கள் கிளியரில்தான் இருக்கின்றன. கிளியர் மெலிந்தால் அவையும் குறைகின்றன. விளைவு உடனே வராது. சில வருடம் கழித்து ரூஃபிலும் பானெட்டிலும் வெளுத்து, படை படையாக உரியும்போதுதான் தெரியும். தொழிலில் சொல்லப்படும் பாதுகாப்பான வரம்பு, வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து சுமார் 7 முதல் 8 மைக்ரான். இனி வரும் வருடங்களில் கழுவும் கீறல்களுக்காகப் போடும் பாலிஷும் இதே கணக்கில்தான் வரும். ஆரஞ்சுத் தோலை முழுக்கத் தட்டையாக்கினால் அந்த ஒரே வேலையில் கணக்கு தீர்ந்துவிடும். முன்னால் குறைத்தால் போதும் என்றது இதனால்தான்.

அளக்காமல் தொடாதீர்கள். தடிமன் அளக்கும் கருவிகளில் இரும்புத் தகட்டுக்குக் காந்தத் தூண்டல் முறை, அலுமினியத்துக்கு எடிக் கரண்ட் முறை; இரண்டும் சேர்ந்ததாக வாங்குங்கள், ஏனென்றால் இரும்பு பாடியிலும் பானெட் மட்டும் அலுமினியமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் இவை வேலை செய்யாது. அதற்கு மீயொலிக் கருவி வேண்டும். முதலில் கருவியோடு வரும் வெறும் தகட்டில் சுழியம் வைத்து, கூடவே தரும் தடிமன் தெரிந்த பிளாஸ்டிக் தாளை வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு பேனலிலும் ஏழெட்டு இடங்களை மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை வைத்துச் சராசரி எழுதிக்கொள்ளுங்கள். கருவியின் பிழையே இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும் என்பதால் ஒற்றை அளவை நம்பி "மூன்று மைக்ரான்தான் போயிருக்கிறது" என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இந்தக் கருவி காட்டுவது மொத்தத் தடிமன். 120 என்று காட்டினால் அதில் கிளியர் 35-ஆ, 50-ஆ என்று அதற்குத் தெரியாது. கதவின் உட்புற விளிம்பில் கிளியர் குறைவாக இருக்கும், அங்கே அளந்து வெளிப்புற அளவிலிருந்து கழித்தால் கிளியர் தடிமன் வரும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அந்த விளிம்பை ரோபோ வேறு பாதையில், வேறு தடிமனில் அடிக்கிறது. அந்தக் கழித்தலை நம்பி உப்புத்தாளை எடுக்காதீர்கள். அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் மீயொலிக் கருவி கையில் இல்லாதவரை கிளியர் மெல்லியது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பேனல் மட்டும் 200-க்கு மேல் காட்டினால் அது மறுபடி அடிக்கப்பட்டது. தொழிற்சாலையின் கடைசிப் பரிசோதனையிலேயே பழுது பார்த்து அடிப்பதும் உண்டு என்பதால், டீலரிடம் அடிபட்ட வண்டி என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. 300, 400 என்று போனால் அடியில் பட்டி இருக்க வாய்ப்புண்டு.

டீலரிடம் கேட்டால் கிடைக்குமா

வண்டி முழுக்க ஒரே சீரான ஆரஞ்சுத் தோல் என்றால் தயாரிப்பாளரின் வரம்புக்குள் இருக்கிறது என்ற பதில்தான் வரும். ஒரு கதவு மட்டும் பக்கத்துக் கதவிலிருந்து தனித்துத் தெரிந்தாலோ, பெயிண்ட் வழிந்த தடம், உள்ளே சிக்கிய தூசி, தேய்த்த தடம் இருந்தாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். டெலிவரியன்றே, நல்ல வெளிச்சத்தில், விளக்கின் பிம்பம் விழும் கோணத்தில் படம் எடுத்து வைப்பது உதவும். ஆனால் "பானெட்டையும் கதவையும் மறுபடி பெயிண்ட் அடித்துத் தருகிறோம்" என்று சொன்னால் யோசியுங்கள். 140 டிகிரியில் சுட்ட ஃபேக்டரி பெயிண்ட்டுக்கு ஒர்க்ஷாப் பெயிண்ட் சமம் ஆகாது. லேசான நெளிவைப் போக்க அதை இழப்பது நஷ்டம். தேய்ப்பதற்கு முன் பெயிண்ட் வாரண்டியின் விதிகளையும் படித்துப் பாருங்கள். தேய்த்து மெலிந்த பேனலில் பிறகு உரிந்தால் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வண்டிக்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் தேய்ப்பதில் அர்த்தமே இல்லை. ஃபிலிமுக்கே சொந்தமாக ஒரு ஆரஞ்சுத் தோல் உண்டு. தட்டையாக்கிய பெயிண்ட் மேல் அதை ஒட்டினால் நெளிவு திரும்ப வந்து உட்காரும்.

பாலிஷ் ஏன் போதாது, எது போதும்

பஃபிங் மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச் பேட் மென்மையானது. மேட்டின் மேலும் பள்ளத்தின் உள்ளும் சேர்ந்தே போகும், இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்க்கும். பளபளப்பு கூடும், குறு அலை கொஞ்சம் அடங்கும், நீள அலை அப்படியே இருக்கும். எத்தனை முறை ரப்பிங் காம்பவுண்ட் (சன்னத் துகள் கலந்த தேய்க்கும் பசை) போட்டாலும் கிளியர்தான் குறையும். தட்டையாக்குவது பின்பலம் இறுக்கமாக உள்ள ஒன்றால்தான் முடியும். அது மேட்டைத் தொடும், பள்ளத்தைத் தொடாது. தேய்க்கும் தாளின் நம்பரைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள், தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பின்னால் இருப்பதுதான்.

இந்த அடிப்படையில் மூன்று நிலை உண்டு.

முதல் நிலை, டெனிம் துணியோ வெல்வெட் துணியோ முகத்தில் ஒட்டிய பேட். டி.ஏ. மெஷினில் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றுகொண்டே ஊசலாடும் பஃபிங் மெஷின்) மாட்டி, காம்பவுண்ட் போட்டு ஓட்டுவது. துணி ஸ்பாஞ்சைவிட இறுக்கம் என்பதால் மேட்டின் உச்சியைக் கொஞ்சம் வாங்கும். குறு அலைக்கு நல்ல பலன், நீள அலைக்குக் குறைவு. அது விட்டுப்போகும் மங்கலைப் பின்னால் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பின்னால் ஸ்பாஞ்ச் வைத்த 3000 நம்பர் டிஸ்க். 3எம் டிரைசாக்ட் இந்த வகை, மற்றவர்களும் செய்கிறார்கள். மெஷினில் மாட்டி, ஈரத்தில் ஓட்டுவது. அலை போகாது, அதன் உச்சி மழுங்கும். மூன்று மீட்டரில் நெளிந்த டியூப் லைட் லேசாக அலையும் கோடாக மாறும். எடுக்கும் தடிமன் குறைவு. முதலில் சொன்ன கருப்பு வண்டிக்கு நான் சொல்வது இதைத்தான், அதுவும் கதவுகளுக்கு மட்டும். பானெட்டின் பரப்பு ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. கதவை அதன் அளவுக்குக் கொண்டுவந்தால் வண்டி முழுக்க ஒரே மாதிரித் தெரியும். கண்ணை உறுத்துவது நெளிவைவிட, பேனலுக்குப் பேனல் மாறும் நெளிவுதான்.

மூன்றாவது, கட்டை வைத்து வாட்டர் பேப்பரால் முழுக்கத் தட்டையாக்குவது. காட்சிக்கு வைக்கும் வண்டி, மறுபடி அடித்த தடிமனான கிளியர் போன்றவற்றுக்கு. ஃபேக்டரி கிளியரில் செய்வதானால் கீழே உள்ளதை முழுக்கப் படித்துவிட்டு, முதலில் கழித்துக் கட்டிய பேனல் ஒன்றில் பழகுங்கள்.

கையால் தேய்ப்பது

தாளின் நம்பரில் ஒரு பொறி உண்டு. 'பி' என்ற எழுத்து முன்னால் உள்ள நம்பர் ஐரோப்பிய அளவு. பி1500-இன் துகள் சராசரி 12.6 மைக்ரான், பி2000 10.3, பி2500 8.4. 3000, 5000 நம்பர்களின் துகள் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறலாம். 'பி' இல்லாத அமெரிக்க அளவில் 1000 நம்பர் தாளின் துகள் ஏறக்குறைய பி2000 அளவுக்குச் சன்னமானது. எனவே ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் எல்லா நம்பரும் வாங்குங்கள், கலக்காதீர்கள்.

ஃபேக்டரி கிளியருக்கு பி2000-இல் தொடங்குங்கள். 1500 மறுபடி அடித்த பேனலுக்கு. தாளைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கார் ஷாம்பு. பேனலை நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் தார், இரும்புத் துகள் எல்லாம் களிமண் பட்டையால் (கிளே பார்) எடுத்த பிறகே தாள் படட்டும். ஒரு மணல் துகள் தாளுக்கு அடியில் மாட்டினால் அது போடும் கோடு, நீங்கள் எடுக்க நினைத்த எல்லாவற்றையும்விட ஆழமாக இருக்கும். கீழே விழுந்த தாளைக் கழுவி மறுபடி எடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

கதவு விளிம்பு, பாடியின் மடிப்புக் கோடு, கைப்பிடிக் குழி ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை தாள் போகக்கூடாது. ஈரப் பெயிண்ட் கூரான முனையிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது, அங்கே கிளியர் மெல்லியது. தாளின் அழுத்தமும் அந்த முனையில்தான் குவியும். ஓட்டை விழுவது பத்தில் ஒன்பது முறை அங்கேதான்.

தாளை ரப்பர் கட்டையில் சுற்றுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் ஒவ்வொரு விரலும் ஒரு வாய்க்கால் போடும். கதவு வெளிப்புறம் லேசாக வளைந்தது என்பதால் முழு இறுக்கமான அக்ரிலிக் கட்டை நடுவில் மட்டும் தேய்க்கும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ரப்பர் கட்டை போதும். ஒரு முறைக்கு 30 க்கு 30 செ.மீ. இடம். கட்டையின் எடை போதும், கையால் அழுத்த வேண்டாம். நேர்கோட்டில் மட்டும் ஓட்டுங்கள், வட்டமாக வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பிறகு ரப்பர் துடைப்பானால் தண்ணீரை ஒரே இழுப்பில் வழித்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

அந்தப் பார்வையில்தான் வேலை முழுதும் இருக்கிறது. தண்ணீர் விலகிய நொடியில் பரப்பு இரண்டாகப் பிரிந்து தெரியும். தாள் தொட்ட மேடுகள் சாம்பல் பூத்தது போல மங்கலாக. தொடாத பள்ளங்கள் எண்ணெய்ப் பொட்டு மாதிரி மின்னும். முதல் பத்து இழுப்பில் பாதிக்கு மேல் மின்னும். போகப் போகப் பொட்டுகள் சுருங்கும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவை தனித்தனியாகப் பிரியும். கடுகு அளவுப் பொட்டுகளாக, பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். கடைசிப் பொட்டைத் துரத்த வேண்டாம். அந்த ஒரு பள்ளத்தின் அடியை எட்ட, சுற்றியுள்ள எல்லா இடத்தையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். பாலிஷ் முடிந்த பிறகு அந்த மிச்சப் பொட்டுகள் யார் கண்ணிலும் படாது.

வழிந்து வரும் குழம்பின் நிறத்தையும் கவனியுங்கள். கிளியர் தேய்ந்தால் பால் மாதிரி வெள்ளை. வண்டியின் நிறம் கலந்து வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள். அங்கே இனி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கிளியர் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட்டில் முதல் இழுப்பிலேயே நிறம் வரும், அது பயப்பட வேண்டியதல்ல. சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள்; துணியில் நிறம் ஒட்டினால் ஒற்றை அடுக்கு. வெள்ளை வண்டியில் மட்டும் இந்த இரண்டு சோதனையும் உதவாது, கருவிதான் கதி.

பி2000 முடிந்ததும் கட்டை, வாளித் தண்ணீர், பேனல் எல்லாவற்றையும் கழுவிவிட்டு 3000. இதை முந்தைய கோடுகளுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். அப்போதுதான் பழைய கோடு மிச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். 3000-இன் வேலை முந்தைய கோட்டை அழிப்பது மட்டும், தட்டையாக்குவது அல்ல. பிறகு 5000. இந்த இரண்டையும் ஸ்பாஞ்ச் பின்புறம் உள்ள டிஸ்க்காக மெஷினில் ஓட்டுவது வேகம், அடுத்து வரும் காம்பவுண்ட் வேலையும் பாதியாகும். மெஷினில் ஓட்டும்போது டிஸ்க்கை அடிக்கடி தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். தேய்ந்த கிளியர் உருண்டு அடியில் ஒட்டினால் சுருள் சுருளாகப் பன்றிவால் கீறல் விழும். 3000-க்கு எத்தனை முறை போனாலும் அது மறையாது. மறுபடி பி2000-க்குத் திரும்ப வேண்டியிருக்கும், கணக்கில் இன்னும் மைக்ரான் போகும்.

இந்த இடத்தில் மறுபடி அளவெடுங்கள். உதாரணத்துக்கு, கதவின் நடுவில் தொடக்கத்தில் சராசரி 118. இப்போது 112 என்றால் ஆறு போயிருக்கிறது. காம்பவுண்ட்டும் பாலிஷும் இன்னும் ஒன்றிரண்டு எடுக்கும். இன்னும் கொஞ்சம் தட்டையாக்கலாம் என்று கை அரித்தாலும் அந்தக் கதவு அதோடு முடிந்தது.

பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது

5000 வரை போயிருந்தால் டி.ஏ. மெஷினும் மைக்ரோஃபைபர் பேட்டும் போதும். 3000-இலேயே நிறுத்தியிருந்தால் காம்பவுண்ட் வேலை கூடும். 2000-இலிருந்து நேராக வந்தால் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினும் உல்லன் பேட்டும் தேவைப்படும். அதை ஓட்டப் பழகாத கைக்கு இந்த வேலையில் இடமில்லை. ரோட்டரி என்றால் 1000 முதல் 1500 சுற்று வரை. அதற்கு மேல் போனால் சூடு ஏறும். உள்ளங்கையைப் பேனலில் வைத்து எடுக்காமல் இருக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. பேட்டை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது.

45 செ.மீ. சதுரம் ஒன்றை எடுத்து, பேட்டில் நான்கைந்து சொட்டு காம்பவுண்ட், நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடும்படி, நெடுக்கிலும் குறுக்கிலுமாக நான்கு முதல் ஆறு சுற்று. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த கிளியரும் காய்ந்த காம்பவுண்ட்டும் அடைத்த பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். காம்பவுண்ட்டில் உள்ள எண்ணெய் மெல்லிய கோடுகளை நிரப்பி மறைத்திருக்கும். தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து தெளித்துத் துடைத்த பிறகு, ஒற்றை எல்.இ.டி. விளக்கில் பாருங்கள், முடிந்தால் அடுத்த நாள் வெயிலிலும். ஒரே திசையில் மெல்லிய நேர்கோடுகள் தெரிந்தால் அது 3000-இல் அழியாமல் விட்ட பி2000 தடம். காம்பவுண்ட்டை அதிகமாகப் போட்டு அதைக் கரைக்கப் பார்ப்பதைவிட, அந்த இடத்தை மட்டும் 3000, 5000 என்று திரும்பச் செய்வதில் கிளியர் குறைவாகவே போகும். ஆல்கஹாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்ற வேண்டாம். கிளியர் மென்மையாகி, துடைக்கும் துணியே கீறும்.

கடைசியில் மென்மையான ஸ்பாஞ்ச் பேட்டில் சன்னமான பாலிஷ் ஒரு முறை. கருப்பு வண்டிக்கு இது கட்டாயம். உல்லன் பேட் விட்ட வானவில் மாதிரியான சுழிகள் இதில்தான் போகும். அதன் மேல் சீலன்ட்டோ செராமிக் கோட்டிங்கோ போட்டுக்கொள்ளலாம்.

தொடக்கூடாத இடங்கள்

மேட் ஃபினிஷ் பெயிண்ட்டில் இதில் எதுவும் செய்யக்கூடாது. தேய்த்த இடம் பளபளவென்று மின்னி, பிறகு எதைப் போட்டாலும் பழைய மங்கல் வராது. பம்பரில் டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பதால் அது அந்த இடத்திலேயே தேங்கி, உலோகத்தைவிட வேகமாகக் கருகும்; அதோடு சாதாரணத் தடிமன் கருவியும் அங்கே உதவாது. ரூஃபும் பானெட்டும் வெயிலை அதிகம் வாங்கும் பகுதிகள், அங்கே கிளியரைக் குறைப்பதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். டீலரே பெயிண்ட் அடித்துக் கொடுத்த பேனல் என்றால், எந்தப் பெயிண்ட், எப்போது அடித்தது, சூடேற்றிக் காயவைத்ததா என்று கேட்டு, அந்தப் பெயிண்ட் தயாரிப்பாளர் சொல்லும் காலம் முடிந்த பிறகு தேய்க்கத் தொடங்குங்கள். முழுசாக இறுகாத கிளியரைத் தட்டையாக்கினால், மிச்சக் கரைப்பான் வெளியேறி அது சுருங்கும்போது தேய்த்த கோடுகள் சில வாரத்தில் மறுபடி மேலே எழும்பும்.